முடிச்சுக்காரரின் பச்சை பேட்

எதையும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் அவர் விடமாட்டார். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அது எல்லாரும் செய்வதுதான். இவர் போகிற போக்கில் பக்கத்து வீட்டுப் பூட்டையும் இழுத்துப் பார்ப்பார். கொடியில் துணி காய்ந்தால் துணியை அல்ல, கொடியை இழுப்பார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் பையின் வாரை தினமும் இழுத்து இழுத்தே வருஷத்துக்கு மூன்று பை வாங்க வைத்தார். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் புது மோதிரத்தைக் காட்டியபோது விரலோடு சேர்த்து இழுத்துப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. அதை இன்றுவரை அவர் மறுத்ததில்லை.

பார்சல் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்குக் கட்டுகிற வேலை. நீளமான தகரக்கூரைக் கட்டடம். முன்னால் எடை பார்க்கும் மேஜை, அதற்குப் பின்னால் அவருடைய மேஜை. பழுப்புக் காகிதச் சுருள், டேப், பிளாஸ்டிக் வார், சணல் கயிறு, மூலையில் மெத்தை மாதிரி குவிந்துகிடக்கும் காகிதத் துணுக்குகள். ஒரு பொருள் வந்து மேஜையில் உட்கார்ந்தால், அது எப்படிப் படுத்துத் தூங்க ஆசைப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கையில் தூக்கி எடை சொல்வார். தராசு அவரைவிட நாலைந்து கிராம் கூடக் குறையச் சொன்னால், தராசுக்குத்தான் உடம்பு சரியில்லை என்பது கொட்டகையில் பேச்சு. நாலு பக்கமும் கயிறு ஓட்டி, முழங்காலை முட்டுக் கொடுத்து இறுக்கி, மேலே முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சைப் பிடித்தே பெட்டியைத் தூக்கி ஒரு உலுக்கு உலுக்குவார். பிறகு அதன் தோளில் தட்டுவது போல் தட்டி, "கிளம்பு" என்பார். அவர் கட்டியது எதுவும் வழியில் பிரிந்ததில்லை. அதனால் கொட்டகையில் அவருக்கு 'முடிச்சு' என்று பேர் ஆகி, அந்தப் பேர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மனைவிக்குக் கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மனைவி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி உள்ளே போனதே தெரியாமல் எடுத்துவிடுவாள் என்று நோயாளிகள் அவளையே கேட்டு வருவார்கள். "வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பாள். சொல்லி முடிக்கும்போது பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். பத்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள் கணவரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். சாயங்காலம் சீட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

"சர்க்கரை வாசப்படியில வந்து நிக்குது. உள்ள வர்றதா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருக்கு."

"நான்தான் நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை செய்யறேனே."

"நிக்கிறது வேற, ஓடுறது வேற. திங்கட்கிழமையிலேருந்து ரெண்டு பேரும் ஷட்டில் ஆடப் போறோம். பணம் கட்டியாச்சு."

இப்படித்தான் இருவரும் அந்த ஆட்ட மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். மூன்று களங்கள். வாசலோரம் இருப்பது மூன்றாவது களம். புதிதாக வருகிறவர்களும், வந்து அங்கேயே தங்கிவிட்டவர்களும் ஆடுகிற இடம். மற்ற களத்தார் அதைக் 'காப்பகம்' என்பார்கள். நடுவில் இரண்டாவது. உள்ளே, விளக்கு நன்றாக விழுகிற இடத்தில் முதலாவது. அங்கே ஆடுகிறவர்கள் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

மனைவி நாலே மாதத்தில் இரண்டாவது களத்துக்குப் போய்விட்டாள். ஊசி பிடித்த மணிக்கட்டு அல்லவா, ஒரு சுண்டு சுண்டினால் காக் என்கிற இறகுப்பந்து எதிராளியின் காலடியில் கிடக்கும். அடிப்பதற்கு முன் "வலிக்காது" என்று சொல்கிற பழக்கம் வேறு. மண்டபத்தில் அவளுக்கு 'ஊசி' என்று பேர்.

முடிச்சு காப்பகத்திலேயே இருந்தார். ஓடினார், வியர்த்தார், எடை குறைந்தார். சர்க்கரையும் வாசப்படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. ஆட்டமும் சும்மா சொல்லக்கூடாது, தேறிக்கொண்டுதான் வந்தது. வலைக்குப் பக்கத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் இரண்டாவது களத்துக்குப் போக ஒரு சோதனை உண்டு. பின்கோட்டில் நின்று அடிக்கிற காக், எதிர்ப்பக்கத்துப் பின்கோட்டருகே விழவேண்டும். அங்கே கோட்டுக்கு முன்னால் ஒரு கட்டில் நீளம் விட்டு மஞ்சள் டேப் ஒட்டியிருப்பார்கள். டேப்புக்கும் கோட்டுக்கும் நடுவில், பத்துக்கு ஏழு. சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் சோதனை, வாரத்துக்கு ஒரு முறைதான். நடத்துகிறவர் மண்டபப் பொறுப்பில் இருக்கும் அம்மா. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். ஊதி யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடுவார். விசில் அக்கா என்று பேர்.

முடிச்சு மூன்று சனிக்கிழமை முயன்று பார்த்தார். நாலு, ஐந்து, மறுபடி ஐந்து.

அவர் கையிலிருந்தது மச்சான் கொடுத்த பேட். மனைவியின் தம்பி, தன் பிள்ளைகள் ஆடிக் களைத்து ஓரங்கட்டியதில் ஒன்றை அக்கா வீட்டுக்குத் தள்ளிவிட்டிருந்தான். இரும்புக் கம்பு, ஒவ்வொரு வீச்சுக்கும் கழுத்தில் ஒரு கிரீச். காப்பகத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கூட "இப்ப முடிச்சு அடிக்கிறார்" என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது சோதனை முடிந்த அன்று, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வருஷாந்தர ஜோடி ஆட்டம். முதல், இரண்டாம் களத்தார் மட்டும். பேர் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம்.

மனைவி ஷூவைக் கழற்றிக்கொண்டே, பெரிதாக எதுவும் இல்லை என்பது போலச் சொன்னாள்:

"பல் டாக்டர் கேட்டார். ஜோடியா ஆடலாமான்னு."

பல் டாக்டர் இரண்டாவது களத்துக்காரர். உயரமானவர், மரியாதையானவர், தோற்றால்கூட நன்றி சொல்கிறவர். அவரைப் பிடிக்காமல் போவதற்கு ஒரு காரணமாவது கிடைக்காதா என்று முடிச்சு பல நாள் தேடியிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?"

"அடுத்த சனிக்கிழமை சொல்றேன்னேன்." ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "பத்து மாசமா ஒரே வண்டியில வர்றோம், ஒரே வண்டியில போறோம். அதுல ஆறு மாசமா நடுவுல ஒரு மணி நேரம் நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இதுக்கா பணம் கட்டினேன்?"

முடிச்சு பேட்டை எடுத்து ஒரு தடவை காற்றில் வீசினார். கிரீச் என்றது.

"முதல்ல அதை மாத்துங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே மச்சான் ஆஜர். பேட் வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கைப்பேசியில் பத்து வீடியோ பார்த்து முடித்துவிட்டான். எந்தப் பொருளை யார் வாங்கினாலும் அதைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்து நிற்பான்; தான் மட்டும் எதுவும் வாங்கமாட்டான்.

"மாமா, கறுப்பு கலர், தலை கனமா இருக்கறது, கழுத்து வளையவே கூடாது. உலகத்துல அடிக்கிறவன் எல்லாம் அதுதான் வெச்சிருக்கான்."

"உலகத்துல அடிக்கிறவன் யாரும் நம்ம காப்பகத்துல இல்ல மச்சான்."

கடை, செருப்புத் தைக்கிற கடைக்கும் நகல் எடுக்கிற கடைக்கும் நடுவில் ஒருவர் பின் ஒருவராக நுழையும் அகலம். கூரையிலிருந்து பேட்டுகள் தலைகீழாகத் தொங்கின. கடைசியில் ஒரு விளக்குக்கு அடியில் பேட்டுக்கு நரம்பு பூட்டுகிற இயந்திரம்; அதன்முன் முப்பது முப்பத்தைந்து வயதில் ஒரு பெண், கையில் சின்னக் குறடு. அவள்தான் கடைக்காரி, அவள்தான் நரம்பு பூட்டுகிறவளும்.

"யாருக்கு?" என்றாள்.

"மாமாவுக்கு" என்றான் மச்சான். "நல்லா அடிப்பார். தலை கனமா ஒண்ணு காட்டுங்க."

அவள் மச்சானை விட்டுவிட்டு முடிச்சைப் பார்த்தாள். "எவ்வளவு நாளா ஆடறீங்க அண்ணா?"

"பத்து மாசம். காப்பகத்துல."

"என்ன செலவு செய்யலாம்னு வந்தீங்க?"

"நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கற அளவுக்கு. அதுக்கு மேல போனா வீட்டுல ஊசி போடுவாங்க."

அவள் சிரிக்காமல் மூன்று பேட்டை இறக்கி மேஜையில் வைத்தாள். மூன்றுக்கும் இன்னும் நரம்பு போடவில்லை, வெறும் கூடுகள். ஒன்று கறுப்பு, உடம்பெல்லாம் மின்னல் கோடு. ஒன்று வெள்ளை, இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டிய மெலிவு. மூன்றாவது பச்சை. அதில் வேறு எதுவும் இல்லை. பச்சைதான்.

முடிச்சு கண்ணை மூடிக்கொண்டார். இது அவருடைய இடம். கறுப்பைத் தூக்கினார். "எண்பத்தொம்பது." வெள்ளையைத் தூக்கினார். "எழுபத்தஞ்சு, ஆறு." பச்சையை ஒரு கணம் கூடுதலாக வைத்திருந்தார். "எண்பத்தஞ்சு." அவள் பச்சையை வாங்கிச் சின்னத் தராசில் வைத்தாள். எண்பத்தாறு காட்டியது.

"உங்க தராசுக்கு எப்ப சோதனை போட்டீங்க?" என்றார் முடிச்சு. அப்போதுதான் அவள் சிரித்தாள்.

பிறகு அவர் மூன்றையும் ஒவ்வொன்றாக ஆள்காட்டி விரலில் கிடத்தி, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தார். பார்சலில் எடை மட்டும் தெரிந்தால் போதாது, அது எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியவேண்டும். தலைப்பக்கம் கனத்த பெட்டி படியேறும்போது ஆளைப் பின்னால் இழுக்கும். கறுப்பு, தலையைத் தொங்கப்போட்டது. வெள்ளை, பிடியின் பக்கமாகச் சரிந்தது. பச்சை நடுவில் அப்படியே நின்றது, ஏதோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

"கறுப்பு கையை இழுக்கும். ஒரு மணி நேரம் தூக்கிட்டு நிக்க முடியாது" என்றார். "வெள்ளை, காத்துல வீசினா நான்தான் வீசினேனான்னே தெரியாது. இது சரி."

"சரியாத்தான் எடுத்திருக்கீங்க" என்றாள் அவள். பச்சையின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்துக் காட்டினாள். "இதுவும் வளையும் பாருங்க. உங்களுக்கு இன்னும் கைவேகம் வரல. அது வர்ற வரைக்கும் இந்த வளைவு உங்களுக்காகக் கொஞ்சம் தள்ளிவிடும். கறுப்பு அப்படிச் செய்யாது. எல்லா வேலையும் நீங்களே செய்யணும்."

மச்சான் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டான். "மின்னல் இல்லையே மாமா" என்று மட்டும் முனகினான்.

அத்தோடு விஷயம் முடிந்திருக்கவேண்டும். பேட் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, விலையும் ஷூ அளவுக்குள் அடங்கிவிட்டது. அவள் இயந்திரத்தில் பச்சையைப் பூட்டிக்கொண்டே, எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

"நரம்பு எத்தனை பவுண்டு போடட்டும்?"

"பவுண்டுன்னா?"

"எவ்வளவு இறுக்கம்னு. இருபத்திரண்டு போடுறேனே?"

இறுக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் முடிச்சின் முதுகு நிமிர்ந்தது.

"இந்தப் பேட் எவ்வளவு தாங்கும்?"

"கழுத்துல போட்டிருக்கு. இருபத்தெட்டு வரைக்கும்."

"அப்ப இருபத்தெட்டு."

"அண்ணா, அது தாங்குறது வேற, உங்களுக்கு வேணுங்கிறது வேற."

"ஏம்மா, தளர்வா கட்டின கட்டு எங்கேயாவது ஊர் போய்ச் சேர்ந்திருக்கா? நான் இருபத்திரண்டு வருஷமா கட்டுறேன். ஒரு பார்சல் பிரிஞ்சதில்ல."

அவள் குறடை ஒருமுறை திறந்து மூடினாள். "உங்க கை, உங்க பேட். போட்டுத் தர்றேன். ஒரு வாரத்துல பார்ப்போம்."

இருபத்தெட்டில் நரம்பு ஏறியது. வாங்கியதும் முடிச்சு கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. குறுக்கே ஓடிய ஒரு நரம்பை நகத்தால் இழுத்தார். வரவில்லை. டிங் என்றது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கட்டை அவர் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசுக்குள் அந்தப் பெண்ணுக்குத் தன் கொட்டகையில் வேலை கொடுத்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை. காப்பகமே பச்சை பேட்டைப் பார்க்கக் கூடியது. முதல் அடி, டிங் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. முதல் களத்தார்கூடத் திரும்பினார்கள். காக் கம்பீரமாக எழும்பியது. நடுவழியில் வேலை ஞாபகம் வந்ததுபோல நின்றது. களத்தின் பாதியில் விழுந்தது.

"சூடாகலை" என்றார் முடிச்சு.

செவ்வாய், புதன், வியாழன். சத்தம் குறையவில்லை. தூரம் கூடவில்லை. சோதனையில் கிரீச் பேட்டால் ஐந்து போட்டவர், பச்சையில் பழகும்போது பத்துக்கு மூன்று, நாலு, மூன்று. இன்னும் பலமாக அடித்தார். முழங்கையில் ஒரு குத்தல் குடியேறியது. மனைவி களிம்பு தடவிவிட்டாள். இந்த வாரம் ஜோடி ஆட்டத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அவள் திட்டினால் முடிச்சுக்குத் தாங்கும். பேசாமல் களிம்பு தடவினால் தாங்காது.

மச்சான் வாசலிலிருந்தே சொன்னான்: "கறுப்பு வாங்கியிருந்தா இந்நேரம் முதல் களத்துல இருந்திருப்பீங்க."

"மின்னல் அடிச்சா?"

"சிரிங்க சிரிங்க. அந்தப் பச்சை உங்களுக்குக் கைகொடுக்கல மாமா. குடுத்துட்டு வேற வாங்கிடலாம்."

முடிச்சு பச்சையைப் பார்த்தார். கை பொய் சொல்லாது. எண்பத்தாறு கிராமும் நடுவில் நின்ற நிற்பும் பொய் இல்லை. பிறகு எது?

வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்கு ஒருவர் கண்ணாடி விளக்கு மூடி ஒன்றைக் கொண்டுவந்தார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிவந்தார். தன் அக்காவின் புது வீட்டுக்கு அனுப்ப. உருண்டையாக, பால் நிறத்தில், வாய் மட்டும் திறந்திருந்தது.

"உடைஞ்சிடாதே?"

"உடைஞ்சா என்னை வந்து கேளுங்க" என்றார் முடிச்சு.

பெட்டியின் அடியில் காகிதத் துணுக்கு ஒரு படுக்கை. நடுவில் கண்ணாடி. சுற்றிலும் துணுக்கு, அதன் வயிற்றுக்குள்ளும் துணுக்கு. மேலே மூடி அழுத்திப் பார்த்தார். உள்ளே போன கை மெல்லத் திரும்பி வந்தது. பிறகு வார், கயிறு, முழங்கால், முடிச்சு. முடிந்ததும், உடையும் பொருள் என்றால் எப்போதும் செய்வதைச் செய்தார். பெட்டியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, கையை விட்டார்.

வந்தவர் அலறிவிட்டார். பெட்டி தரையில் பட்டது, ஒரு சாண் எழும்பியது, மறுபடி உட்கார்ந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"ஒண்ணும் ஆகாது" என்று முடிச்சு தினமும் சொல்கிறதைச் சொல்ல ஆரம்பித்தார். "வெளிக்கட்டு இறுகி இருக்கணும். ஆனா உள்ள இருக்கறது இறுகக் கூடாது. அடியை வாங்கி, திருப்பிக் குடுக்கணும். இறுகிப் போச்சுன்னா அது எங்க குடுக்கும், அப்படியே…"

அங்கேயே நிறுத்திவிட்டார்.

"அப்படியே?" என்றார் வந்தவர், பயத்தோடு.

முடிச்சு பெட்டியை மறுபடி தூக்கிக் கீழே விட்டார். எழும்பி உட்கார்ந்தது. இன்னொரு தரம். வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சார், போதும் சார், நம்புறேன் சார்."

அவர் அதைக் கேட்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்த பையிலிருந்து பச்சை பேட்டை எடுத்து, நரம்பைக் கட்டை விரலால் அழுத்தினார். போன சனிக்கிழமை பெருமையாக இருந்த அந்த அசையாமை இப்போது சிமெண்ட் தரை மாதிரி இருந்தது. இத்தனை வருஷமும் இந்த மேஜையில் இரண்டு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். பேரும் புகழும் ஒன்றுக்குத்தான் கிடைத்தது. கயிறு கட்டுகிற இடத்தில் கயிறு. மெத்தை போடுகிற இடத்திலும் கயிற்றையே கட்டிவிட்டு வந்தால்?

"கிளம்பு" என்றார். பெட்டியிடம் சொன்னாரா தன்னிடம் சொன்னாரா என்று தெரியாமல், விளக்கு மூடிக்காரர் ரசீதை வாங்கிக்கொண்டு முதலில் கிளம்பிவிட்டார்.

சாப்பாட்டு இடைவேளையில் முடிச்சு கடைக்கு ஓடினார். கடைக்காரி இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"ஆறு நாள்தான் ஆச்சு. நான் ஒரு வாரம்னு நினைச்சேன்."

"இருபத்திரண்டு போட்டுடும்மா."

அவள் குறடை எடுத்து நடு நரம்பில் வைத்து வெட்டினாள். டப், டப் என்று ஒவ்வொன்றாகத் தெறித்தது. நன்றாகக் கட்டிய கட்டை வெட்டுவதை அவரால் பார்க்க முடியவில்லை. செருப்புத் தைக்கிற கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முடிஞ்சுது, திரும்புங்க" என்றாள். "வரிசையில உங்களுக்கு முன்னால நாலு பேட் இருக்கு. கடை அடைக்கறதுக்குள்ள தந்துடறேன். என்ன இவ்வளவு அவசரம்?"

"நாளைக்குச் சோதனை. பத்துக்கு ஏழு."

அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வரிசையிலிருந்த முதல் பேட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பச்சையை இயந்திரத்தில் பூட்டினாள். அவர் அருகே நின்று பார்த்தார். நெடுக்கு நரம்புகள் முதலில். பிறகு குறுக்கு, பாய் பின்னுகிற மாதிரி மேலே ஒன்று கீழே ஒன்று. ஒவ்வொன்றையும் இயந்திரம் இருபத்திரண்டுக்கு இழுத்து நின்றது. இன்னும் கொஞ்சம் இழு என்று அவர் விரல்கள் துடித்தன. கைகளைக் கட்டிக்கொண்டார். கடைசி நரம்பின் நுனியை அவள் அவரிடம் நீட்டினாள்.

"முடிச்சு நீங்க போடுங்க. இங்கே மட்டும் இறுக்கிக்கலாம்."

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு போட்டார். அவள் குனிந்து பார்த்தாள். "இது எங்க ஊர் முடிச்சு இல்ல. ஆனா எங்கேயும் போகாது."

மறுநாள் மத்தியானம் மண்டபத்தில் நல்ல கூட்டம். காக் தூக்கிப் போட இரண்டாவது களத்திலிருந்து ஒருவர் வரவேண்டும் என்பது வழக்கம். வந்தவர் பல் டாக்டர்.

"ரிலாக்ஸா இருங்க சார்" என்றார், நாற்காலியில் சாய்த்துவைத்துச் சொல்கிற அதே குரலில். "ஒண்ணும் இல்ல. எல்லாம் ஒரே உயரத்துல போடுறேன்."

விசில் அக்கா எதிர்ப்பக்கம் மஞ்சள் டேப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மனைவி சுவரோரம் நின்றாள். கையைக் கட்டியிருந்தாள்.

முதல் காக். முடிச்சு நாலு நாளாக அடித்துப் பழகிய பலத்தை மொத்தமாக இறக்கினார். சத்தம் டிங் இல்லை, தொம் என்று அடக்கமாக வந்தது. காக் டேப்பைத் தாண்டியது, கோட்டைத் தாண்டியது, விசில் அக்காவின் தலையைத் தாண்டி, பின்னால் காய்ந்துகொண்டிருந்த துண்டின் மேல் போய் உட்கார்ந்தது.

முடிச்சு அடித்த காக் வெளியே போய் யாரும் பார்த்ததே இல்லை.

"பார்சல் ஊரைத் தாண்டிப் போயிடுச்சு!" என்று மனைவி கத்தினாள். காப்பகம் சிரித்தது.

"வெளியே" என்றார் விசில் அக்கா.

இரண்டாவதும் வெளியே. இரண்டு போய்விட்டது. இன்னும் ஒன்றைத்தான் கோட்டைவிடலாம். முடிச்சு பேட்டைத் தாழ்த்தி மூச்சு விட்டார். இது வேலை செய்கிற பேட். இதற்கும் கொஞ்சம் வேலை விட்டுவைக்கவேண்டும். மூன்றாவதைப் பாதிப் பலத்தில் அடித்தார். டேப்புக்கும் கோட்டுக்கும் நடுவில், கட்டிலில் படுக்கிற மாதிரிப் போய் விழுந்தது. நாலாவதும். ஐந்தாவதும்.

ஆறாவதற்கு முன்னால் அவர் எண்ணத் தொடங்கிவிட்டார். எண்ணியதும் விரல்கள் பிடியை இறுக்கின, கயிற்றைப் பிடிப்பதுபோல. காக் டேப்புக்கு இந்தப் பக்கமே விழுந்தது.

"குறைச்சல்" என்றார் விசில் அக்கா. "இனி நாலும் விழணும்."

யாரும் சிரிக்கவில்லை. சுவரோரத்திலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது, பரிசோதனைக் கூடத்துக் குரல்: "கையைத் தளர்த்துங்க. முஷ்டி மடக்காதீங்க. அப்படித்தான்."

வாழ்நாளில் எத்தனை பேர் அந்தக் குரலுக்குக் கையை நீட்டியிருப்பார்கள்! முடிச்சின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. ஏழு, உள்ளே. எட்டு, உள்ளே. ஒன்பதாவது போய் விழுந்த இடத்தில் விசில் அக்கா எழுந்து, குனிந்து, கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார்.

"டேப் மேல" என்றார். நிறுத்தினார். "டேப் நம்மளுது. உள்ளே."

பத்தாவது. பல் டாக்டருக்கே கை தவறிவிட்டது. காக் கோணலாக, முடிச்சின் இடது பக்கம் பார்த்து வந்தது. "தப்பு, தப்பு! விட்டுடுங்க, வேற போடுறேன்!" என்று டாக்டர் கத்தினார். ஆனால் மேஜைக்கு வந்த பொருளைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாத கை. இரண்டடி ஓடி, தலைக்கு மேலே சுற்றி வாங்கி, போகிற போக்கில் அடித்துவிட்டார். காக் வளைந்து போனது. விசில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை ஒதுக்கிக்கொண்டார். அவர் கால் இருந்த இடத்தில் விழுந்தது.

"ஏழு" என்றார். கழுத்திலிருந்த விசிலை எடுத்துப் பார்த்துவிட்டு, பழக்கமில்லாததால் மறுபடி விட்டுவிட்டார்.

காப்பகத்தார் பெண்ணைக் கல்யாணம் பண்ணி அனுப்புகிற மாதிரி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் வந்து கைகொடுத்தவர் பல் டாக்டர். "நல்ல வேளை சார், நான் கெடுத்துடலை" என்றார். அன்றோடு அவரைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் தேடுவதை முடிச்சு விட்டுவிட்டார். மச்சான் பச்சை பேட்டைத் தூக்கிக் காட்டி, "நான்தான் கூடப் போய் எடுத்துக் குடுத்தேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

விசில் அக்கா அறிவிப்புப் பலகைத் தாளில் பேனாவை வைத்தார். "என்ன பேர் எழுதட்டும்?"

"எல்லாரும் கூப்பிடற பேரே எழுதுங்க" என்றாள் மனைவி. அக்கா எழுதினார்: ஊசி – முடிச்சு.

இரண்டாவது களத்தில் முதல் ஆட்டம் உடனே வைத்தார்கள். எதிரே டாக்டரும், அவசரத்துக்குச் சேர்த்துக்கொண்ட ஒரு வங்கி ஊழியரும். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து ஷூ மாட்டினாள். முடிச்சு வழக்கம்போல அவள் முன்னால் குந்தினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் கட்ட வேண்டிய எதையும் அவர்தான் கட்டுவார். கட்டிவிட்டு இழுத்தும் பார்ப்பார்.

லேஸை இழுக்கப் போனவர் நிறுத்தினார்.

"தினமும் நான் கட்டிவிடறேனே… இறுக்கமாவா இருக்கு?"

அவள் ஒரு நொடி யோசித்தாள், உண்மையைச் சொல்லலாமா என்று. "களத்துக்குள்ள போனதும் அவுத்துக் கட்டிக்குவேன். பத்து மாசமா."

"சொல்லவே இல்லையே?"

"சந்தோஷமா கட்டுவீங்க. எதுக்குக் கெடுக்கணும்னுதான்."

முடிச்சு லேஸைத் தளர்த்தினார். ஷூவின் நாக்குக்கும் லேஸுக்கும் நடுவில் ஒரு விரல் விட்டுப் பார்த்து, மெல்லக் கட்டினார். இழுத்துப் பார்க்கப் போன கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். அவள் குனிந்து, தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"ம், சரியா இருக்கு."

"வரலாமா?" என்று வலைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் கேட்டார்.

"இதோ வர்றோம்" என்று எழுந்தாள் ஊசி. "வலிக்காது டாக்டர்."